தறிவீட்டுக் குழந்தைகள்: பிள்ளையார்பாளையத்தில் விபத்தும் காப்பும்

காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியில், பெரிய காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பிள்ளையார்பாளையத்தில் பல தலைமுறைகளாக வீடும் பட்டறையும் ஒன்றாகவே இருந்தன. செங்குந்தர்கள் பெருமளவில் வாழ்ந்த இந்தத் தெருக்களில் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் கூடம். கூடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு தறி. அதற்குப் பின்னால் சமையலறை, அதையும் தாண்டினால் கொல்லையும் கிணறும். தவழும் குழந்தை வாசலிலிருந்து கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் தறியைச் சுற்றித்தான் போயாக வேண்டும். சிறு குழந்தைகளுக்கு நேர்ந்த விபத்துகளையும், அவற்றைத் தடுக்க வீட்டாரும் சட்டமும் அரசும் எடுத்த முயற்சிகளையும் இந்த வீட்டமைப்பை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

காஞ்சிப் பட்டு நெடுங்காலம் குழித்தறியில் நெய்யப்பட்டது. நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பதற்காகத் தோண்டப்படும் குழி ஏறத்தாழ இடுப்பளவு ஆழம் இருக்கும். பெரியவர்களுக்கு அது உட்காரும் இடம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது தன் உயரத்தை எட்டும் பள்ளம். உள்ளே மிதிகட்டைகளும் கயிறுகளும் கிடக்கும். தறி ஓடும்போது குழியில் ஆள் இருப்பதால் ஆபத்து குறைவு. நெசவாளர் எழுந்து சாப்பிடப் போகும் நேரமும், பாவு (நீளவாட்டு நூல்) தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும் நாட்களும்தான் குழந்தைக்குக் கெட்ட நேரம். குழியைப் பலகை போட்டு மூடிய வீடுகள் பிழைத்தன. சாக்கை விரித்து மூடிய வீடுகளிலோ பள்ளம் இருப்பதே தெரியாமல் போனது. அதைவிடத் திறந்து கிடந்த குழியே மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் குழிகளில் நீர் ஊறும். நெசவாளர்கள் அதைக் கூலி போகும் காலமாகத்தான் கணக்கிட்டார்கள்: குழியில் ஈரம் ஏறினால் பட்டும் கெடும், காலும் கெடும், தறி நிற்கும். ஆனால் தறி நின்ற வீட்டில் அரை அடி நீர் தேங்கிய குழி, நடை பழகும் பிள்ளைக்குக் கிணற்றுக்குச் சமம். சிறு குழந்தை மூழ்குவதற்கு ஆழம் வேண்டியதில்லை. உடம்போடு ஒப்பிட்டால் தலை கனமாக இருப்பதால் குனிந்து தலைகீழாக விழுந்த பிள்ளையால் தானே நிமிர முடிவதில்லை. மூக்கும் வாயும் நனையும் அளவு நீர் போதும், சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். தேளும் பூரானும் ஈரக் குழியை நாடி வருவது தனிக் கதை.

இதற்கெல்லாம் வீடுகள் தாமாகவே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. முதலாவது தூளி. பழைய புடவையை உத்திரத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காலிலோ கையிலோ மாட்டிக்கொண்டு, நெய்தபடியே அல்லது தார் (ஊடைநூல் குச்சி) சுற்றியபடியே குழந்தையை ஆட்டுவது தறிவீடுகளின் வழக்கம். தரையிலிருந்து குழந்தையைத் தூக்கி வைத்துவிடுவதால் குழி, தேள், அடுப்பு ஆகிய மூன்றிலிருந்தும் அது ஒரே நேரத்தில் காத்தது. கைக்குழந்தைக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது. உட்காரவும் நிற்கவும் தொடங்கிய பிறகுதான் தூளியே ஆபத்தாகும்: குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும், அல்லது புடவையின் முறுக்கில் கழுத்து மாட்டிக்கொள்ளும். பெரிய பிள்ளைகள் தூளியில் ஊஞ்சலாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் இன்றும் தமிழ் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது ஏற்பாடு, அக்கா. ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பாள். தாயும் தகப்பனும் தறியில் இருக்க, பகல் முழுவதும் சிறு குழந்தையைப் பார்த்துக்கொண்டது இன்னொரு குழந்தைதான். வீட்டுக் கணக்கில் இது செலவில்லாத காவல். அந்தப் பெண் பள்ளிக்குப் போகாமல் போனதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. தெருவும் அப்போது ஓரளவு பத்திரமான இடம். விடியற்காலையில் தெரு நெடுகப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழைகளைச் சீர்செய்து உலர்த்துவது பட்டுத் தொழிலின் ஒரு படி. பாவு நீட்டிய தெருவில் வண்டி வராது. வேலை செய்யும் பெரியவர்கள் பத்துப் பேர் அங்கேயே நிற்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை ஓடினாலும் அதட்ட ஆள் இருந்தது.

வீட்டுக்கு வெளியே பெரிய ஆபத்து நீர்நிலைகள். கொல்லைக் கிணறுகள் பலவற்றில் கைப்பிடிச் சுவர் தாழ்வு. நகரின் மேற்கில் சர்வ தீர்த்தக் குளமும் தெற்கே வேகவதி ஆறும் உண்டு. கோயில் குளங்கள் நான்கு புறமும் படியிறங்குபவை. வறண்ட காலத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடிப் பழகிய அதே படிகள் மழைக்குப் பின் பாசி பிடித்து நீருக்குள் மறைந்து கிடக்கும். கூடவே சாயம். பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் அவிப்பதும், பிறகு அண்டாக்களில் சாயம் ஏற்றுவதும் பெரும்பாலும் சாயக்காரர்களின் இடங்களில்தான் நடந்தன. நெசவாளர் வீடுகளில் அல்ல. ஆனால் சாயக்காரர்களும் வீட்டோடு சேர்த்தேதான் தொழில் செய்தார்கள். தரைமட்டத்து அடுப்பு, அதன் மேல் கொதிக்கும் அண்டா, எட்டும் தூரத்தில் சோடாத் தூள்: வெந்த புண்ணுக்கும் வாய் வேவதற்கும் இந்த மூன்றுமே போதும். மின்விளக்கு வராத காலத்தில் எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் இருந்தது, அதுவும் பெரும்பாலும் ஏதாவதொரு பழைய பாட்டிலில். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடுவது தமிழகமெங்கும் மருத்துவர்கள் அடிக்கடி பார்த்த விபத்து.

நேர்ந்த பின் செய்ததில் பாதி உதவியது, பாதி கெடுத்தது. நீரில் மூழ்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவதும் ஊரறிந்த முறைகள். மூழ்கியவருக்கு வயிற்று நீர் பிரச்சினையே அல்ல. மூச்சு நின்றதுதான் பிரச்சினை. சுற்றுவதில் கரைந்த ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு. மேல்நாட்டு முதலுதவியும் இதில் நெடுங்காலம் தடுமாறியது என்பதையும் சொல்ல வேண்டும். குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் முறைகளே இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் பாடநூல்களில் இருந்தன. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது 1950களின் கடைசியில்தான் மருத்துவ உலகில் நிலைபெற்றது. மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை 1960இல் வெளியானது. எனவே அதற்கு முந்திய காலத்துத் தறிவீட்டுக் கிழவியை அறியாமைக்காரி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

வெந்த புண்ணில் மாவையும் பேனா மையையும், பிற்காலத்தில் பற்பசையையும் தடவினார்கள். மை தடவிய புண்ணின் ஆழத்தை மருத்துவமனையில் கண்டறிவதே கடினம். சுமார் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிடுவதே இன்று ஏற்கப்பட்ட முதல் சிகிச்சை. கிணறு இருந்த வீடுகளில் தண்ணீருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வெந்த புண்ணில் நீர் பட்டால் கொப்புளிக்கும் என்ற நம்பிக்கைதான் தடுத்தது. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைத்தது இன்னும் கேடானது. வயிற்றில் இருக்கும்வரை அவ்வளவாகத் தீங்கு செய்யாத அந்த எண்ணெய், வாந்தியோடு மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். நாணயத்தையோ தார்க்குச்சியின் துண்டையோ விழுங்கியதற்கு வாழைப்பழம் கொடுத்தது, பொருள் இரைப்பைக்குப் போய்விட்ட நேரங்களில் தானாகவே பலித்தது. மூச்சுக்குழலில் சிக்கிய நேரங்களில் அதுவே எமனானது. சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்றே பாலவாகடம் என்ற தனித் துறை உண்டு. அதன் பலம் மாந்தம், கணை போன்ற நோய்களில்தான். விபத்துக்கு வீட்டார் தம் கைக்கு வந்ததைத்தான் செய்தார்கள்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், அது நெடுங்காலம் இந்த வீடுகளின் வாசற்படியோடு நின்றுவிட்டது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலை வேலையிலிருந்து விலக்கியது; 1891இல் அந்த வரம்பு ஒன்பதாகவும், 1922இல் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. எந்திர சக்தியில் ஓடும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் இடங்களுக்கே இவை பொருந்தின. கைத்தறிக்கு எந்திரமும் இல்லை, ஆளும் வீட்டாரே. 1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைச் சட்டம் துணி அச்சடித்தல், சாயமேற்றுதல், நெய்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்த தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதே விலக்கைத் தொடர்ந்தது. பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்த விதி வந்தபோதும் பிள்ளையார்பாளையத்துத் தாய் தூளிக் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

சட்டத்துக்கும் தறிவீட்டுக்கும் இடையிலான இந்த இடைவெளி அகன்றதற்குப் பட்டுப்புடவையின் நெசவு நுட்பமும் ஒரு காரணம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் (ஊடைநூலைக் கடத்தும் ஓடங்கள்) வேண்டும். ஊடை ஒவ்வொன்றும் கரையில் கோத்துத் திரும்ப வேண்டியிருப்பதால் ஒற்றை ஆளால் எளிதில் நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவை வீச இன்னொரு கை தேவை. அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையுடையதாக இருந்தது. விரல் மெலிது, கூலி மிகக் குறைவு. தறியில் நாள் முழுவதும் குந்திய பிள்ளைகளுக்கு நேர்ந்தவை ஒரே அடியில் வரும் விபத்துகள் மட்டுமல்ல. நாடா நழுவி முகத்தில் அடிப்பதும், கத்தியால் கை அறுபடுவதும் ஒரு புறம். மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் நோவதும், வளரும் வயதில் முதுகும் காலும் மடங்கியே இருப்பதும் மறுபுறம்.

பிறர் வீட்டுத் தறியில் போய் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பின்னால் முன்பணம் இருந்தது. முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய கடன் தீரும்வரை பிள்ளை அந்தத் தறியில் இருக்க வேண்டும். இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பெரிய காஞ்சிபுரத்தில்தான் பதிவானது. இருந்தும் நடுராத்திரியில் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் சங்கத்தின் கதவைத் தட்ட முடியாது. முதலாளி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். அப்படி வாங்கிய முன்பணங்களுக்குக் கல்யாணமும் சாவும் காரணமானது போலவே மருத்துவச் செலவும் காரணமானது. ஒரு பிள்ளைக்கு நேர்ந்த விபத்தின் செலவு, அதன் அண்ணனையோ அக்காவையோ தறிக்கு அனுப்பியது. காப்பும் சிகிச்சையும் கடனும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை, விபத்தைத் தனியாகவும் குழந்தைத் தொழிலைத் தனியாகவும் பார்க்கும் நூல்கள் தவறவிட்டுவிடுகின்றன.

பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று அறிவித்த சட்டம் 1933லேயே வந்துவிட்டது. மீறிய பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், வேலை வாங்கியவருக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம். வாய்ப்பேச்சில் நடந்த கொடுக்கல் வாங்கலும் அதன் வரையறைக்குள் வந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்தைத் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அபாயத் தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகுதான் மாநிலமெங்கும் கணக்கெடுப்பும் சோதனையும் சூடுபிடித்தன. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் வந்தன. 2003இல் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லா வேலையிலிருந்தும் விலக்கியது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற வாசலை மட்டும் திறந்தே வைத்தது.

எனினும் குழந்தைகளைத் தறிக்குழியின் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தியதில் இந்தச் சட்டங்களைவிடச் சோற்றுக்குத்தான் பங்கு அதிகம். காமராசர் காலத்தில் 1956இல் பரவத் தொடங்கிய மதிய உணவு, பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பகலில் வீட்டை விட்டு வெளியே இருக்கச் செய்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டதில்தான் அடுத்த பெரிய மாற்றம் இருக்கிறது. விபத்துக்கு மிகவும் ஆளாகும் வயது அது. பால்வாடிக்குப் போன பிள்ளை, தாய் தறியில் இருக்கும் மிக முக்கியமான சில மணி நேரம் கிணற்றுக்கும் குழிக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில், ஆயாவின் கண்பார்வையில் இருந்தது. திட்டத்தின் நோக்கம் பசி போக்குவது. விபத்துத் தடுப்பு அதன் விளம்பரப்படுத்தாத பலன். இந்தப் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு வங்கதேசம் சான்று. அங்கே ‘ஆஞ்சல்’ என்ற பகல்நேரக் காப்பகங்களில் விடப்பட்ட ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முன்பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீர்நிலைகளிலிருந்து விலகிய, பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதை இன்று உலக சுகாதார நிறுவனமும் தன் முதன்மைப் பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

பிள்ளைகள் கூடும் இடம் மாறியதும் விபத்தும் அங்கே பின்தொடர்ந்தது. 2004 ஜூலை 16 அன்று இன்னொரு பட்டு நகரமான கும்பகோணத்தில், சமையலறையில் பற்றிய தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் மாநிலமெங்கும் அகற்றப்பட்டன. 2009இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. 2012 ஜூலையில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரைத்தளத்து ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்தாள். அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் தமிழகத்தில் வந்தன. விதிகள் சாவுக்குப் பின்னால்தான் பிறக்கின்றன என்ற புகாருக்கு இந்த இரண்டு நிகழ்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது.

நேர்ந்த பின் உதவி வந்து சேரும் வேகம் கடைசியாகத்தான் மாறியது. முன்பெல்லாம் தீக்காயம் பட்ட குழந்தையைக் கிடைத்த வண்டியில் ஏற்றி நகர அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து செங்கல்பட்டுக்கோ சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ கொண்டுபோக வேண்டும். வண்டி வாடகையே ஒரு வாரக் கூலியை விழுங்கும். 2008 செப்டம்பர் 15 அன்று தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாள் அது. அதற்குச் சற்று முன்பு, 2005 வாக்கில், கைத்தறி நெசவாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதைத் தொடர்ந்து முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. சாலை விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. முன்பணத்துக்காக முதலாளி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்த காரணங்களில் ஒன்று இவற்றால் பெருமளவு விலகியது.

இதற்கிடையே தறிவீடே மாறிக்கொண்டு வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஆலைகள் பெருகியதும் நெசவாளர் பிள்ளைகளுக்கு வேறு வேலை காட்டின. பல வீடுகளில் குழியை மண் போட்டு மூடிச் சிமெண்டு பூசிவிட்டார்கள். கிணற்றின் இடத்தில் ஆழ்துளைக் குழாயும் மோட்டாரும் வந்தன. குழி போன வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வாளியும் டிரம்மும் வந்தன. தவழும் குழந்தை அவற்றிலும் மூழ்கும். மண்ணெண்ணெய் போய்க் கழிவறை ஆசிடும் பூச்சி மருந்தும் வந்தன. பெற்றோர் வேனில் ஏறி ஷிப்டுக்குப் போக, பிள்ளை தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. பகல்நேரக் காவல் மறுபடியும் குடும்பத்துக்குள் வந்துவிட்டது, காவலாளிக்குத்தான் வயதாகிவிட்டது.

தெருவும் பழைய தெருவாக இல்லை. பாவு நீட்டும் காலை வேளைகளில்கூட இருசக்கர வாகனங்கள் ஓரமாக நுழைந்து போகின்றன. வாசல்படியிலிருந்து இறங்கினால் நேராகச் சாலை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கான தலைக்கவசமும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்ற விதி 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையார்பாளையத்தின் குறுகிய தெருக்களில் அப்பாவின் முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து பால்வாடிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த விதி இன்னும் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை.